டேல் பார்த்து வைத்த காடு

கிரீன் பே
7 ஏப்ரல் 1997

திரு. ஆர்வோ ஹக்கலா அவர்களுக்கு,

டேலின் துப்பாக்கியை ஷெரிஃப் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதை என்ன செய்வது என்று கேட்டு நீங்கள் எழுதிய இரண்டு வரி கிடைத்தது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். விற்றாலும் சரி, ஏரியில் வீசினாலும் சரி. நானும் மகள் ஐலியும் என் அக்கா வீட்டு மாடியில் ஒரே அறையில் இருக்கிறோம். ஐலியின் அப்பாவோடு காட்டில் கிடந்த துப்பாக்கியை அந்த அறையில் எந்தச் சுவரில் மாட்டச் சொல்கிறீர்கள்?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். போதகர் உங்கள் தோளில் கை வைத்து, "பாவம், பனியில வழி தவறிட்டான்"என்றார். நீங்கள் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னீர்கள், "என் மகன் காட்டுல வழி தவறுறவன் இல்ல." நிமிர்ந்து நின்று, ஊரே கேட்கும்படி சொன்னீர்கள்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போனவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டவன், வழி தவறவில்லை என்றால் வேறு என்ன ஆனான் என்று அவரவர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டார்கள். ஊரை விட்டு வந்ததற்கு அந்தப் பார்வைதான் காரணம். வேலை கிடைத்து வந்தேன் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய்.

அவர் வழி தவறவில்லை என்றால், திரும்பி வர விருப்பமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாரா? உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், தெரியாமல் ஏன் சொன்னீர்கள் என்றாவது எழுதுங்கள்.

மார்லிஸ்


அயன் கிரீக்
19 ஏப்ரல்

மார்லிஸ்,

உறையில் 'திரு.' என்று பார்த்ததும் வரிக்காரன்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். பிரித்த பிறகு, வரிக்காரனாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நான் சொன்னதில் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் போதகர் தெற்கிலிருந்து வந்தவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆப்பிள் தோட்டத்திலேயே தொலைந்து போவார். அவர் வாயால் என் மகனுக்கு வழி தெரியவில்லை என்று கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான். யார் யாரைப் பார்த்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு நான் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை.

நீ கேட்டதற்கு என்னிடம் பதில் கிடையாது. அந்தக் காட்டில் நான் கால் வைத்ததே இல்லை. நாங்கள் மூன்று தலைமுறையாக வேட்டையாடிய காட்டை அதன் சொந்தக்காரக் கம்பெனி சிகாகோக்காரர்களுக்கு விற்றதும், அவர்கள் சங்கிலி போட்டு மூடியதும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு டேல் கோடை முழுக்கச் சுற்றி ஓடைக்கு வடக்கே புதுக்காடு ஒன்றைக் கண்டுபிடித்தான். "எங்கடா?"என்று கேட்டால், "வேட்டை சீசன் முடியட்டும், கூட்டிட்டுப் போய்க் காட்டறேன், நீ பொறாமையில சாகணும்"என்பான். அப்பனிடம்கூடச் சொல்லாமல் காட்டை ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதனால் கோபப்படவும் முடியவில்லை.

அங்கே இன்னும் முழங்கால் அளவு பனி கிடக்கிறது. உருகியதும் போய்ப் பார்க்கிறேன். மான் என்ன செய்தது என்று ஆறு மாதம் கழித்தும் காட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். மகன் என்ன செய்தான் என்று சொல்ல முடியாதா?

ஐலிக்குப் பல் விழுந்ததா?

ஆர்வோ


அயன் கிரீக்
11 மே

மார்லிஸ்,

போய் வந்தேன். டேலின் வண்டி நின்ற இடத்திலேயே என் வண்டியையும் நிறுத்தினேன். அங்கிருந்து, முன்பு மரம் ஏற்றிய ரயில் ஓடிய மேடு வடக்கே போகிறது. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், மேடு மட்டும் புல் மூடிக் கிடக்கிறது.

தெரியாத காட்டுக்குள் முதல்முறை போகிறவன் நேரே நடுவில் போய் நிற்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து ஓரமாக ஒரு சுற்று வர வேண்டும். பனி உருகிய கையோடு போனால் போன இலையுதிர் காலத்தில் மான் விட்டுப் போன அடையாளமெல்லாம் அப்படியே இருக்கும். புல் முளைத்துவிட்டால் எல்லாம் போச்சு. நான் போன நாள் சரியான நாள். ஆண் மான் கொம்பைத் தேய்த்துத் தோல் உரித்த மரங்கள் ஒரே வரிசையில் தெரிந்தன. அதில் ஒரு பாப்லர் என் தொடை மொத்தம். அவ்வளவு பெரிய மரத்தில் கொம்பு வைக்கிற மானை நான் வாழ்நாளில் நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறேன்.

மேற்கே தேவதாருச் சதுப்பு, கிழக்கே பாறை மேடு. இரண்டுக்கும் நடுவே நிலம் ஒரு கழுத்து மாதிரி குறுகுகிறது. எந்த மான் எங்கே போனாலும் அந்தக் கழுத்து வழியாகத்தான் போயாக வேண்டும். டேல் மரத்தின் மேல் கட்டிய பரண் சரியாக அங்கே இருக்கிறது. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே மேட்டில் கட்டியிருப்பேன், காலைக் காற்று என் வாடையைச் சதுப்புக்குள் இறக்கியிருக்கும், மான் ஒன்றும் வந்திருக்காது. அவன் அதையும் யோசித்திருக்கிறான். பரணுக்குக் கீழே நின்று, "அடப்பாவி, என்னைத் தாண்டிட்டியேடா"என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ரயில் மேட்டிலிருந்து பரண் வரைக்கும் மரங்களில் மின்னும் ஆணி குத்தியிருக்கிறான். விடியுமுன் டார்ச் அடித்தால் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி உள்ளே கூட்டிப் போகும்.

ஆக, நான் சொன்னது சரிதான். ஒரு காட்டை இப்படிப் படித்தவன் அதில் வழி தவறுவானா? அப்படியானால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சடைப்பாகக்கூட இருக்கலாம்.

ஆர்வோ


கிரீன் பே
18 மே

திரு. ஹக்கலா அவர்களுக்கு,

நான் கேட்டது என் கணவரைப் பற்றி. நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியது மானைப் பற்றி. பாப்லர் உங்கள் தொடை மொத்தம் இருந்தால் எனக்கு என்ன?

நெஞ்சடைப்பு இல்லை. குளிர்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் என்னிடம் இருக்கிறது. நீங்கள் படிக்க மறுத்துவிட்டீர்கள்.

நான் ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குப் புரியவில்லை போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். சுரங்கத்தில் ஆட்குறைப்பு ஆனதிலிருந்து அவர் கோடை முழுக்க அந்தக் காட்டில்தான் இருந்தார். இங்கே கிரீன் பேயில் அக்கா அவருக்கு வேலை பார்த்து வைத்திருந்தாள். சீசன் முடியட்டும், சீசன் முடியட்டும் என்றே தள்ளிப் போட்டார். அன்று காலை இருட்டில் எழுந்து, மதியத்துக்கு இறைச்சி அடைத்த பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "அங்கயே குடித்தனம் பண்ணு. இந்த வீட்டுக்கு இனிமே வராத"என்றேன். அவர் திரும்பிப் பார்த்து, "சரி"என்றார். கேலியாகச் சொன்னாரா, மனம் விட்டுப்போய்ச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று இரவு அவர் வரவில்லை. கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டில் படுத்திருப்பார் என்று நினைத்தேன். நான் முதலில் போன் செய்வதா என்று வீம்பு. நீங்களோ அவர் என்னிடம் வந்துவிட்டார் என்று நினைத்துத் தூங்கிவிட்டீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

அவர் வராமல் இருந்தது நான் வராதே என்று சொன்னதாலா? எனக்கு இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

மார்லிஸ்


அயன் கிரீக்
8 ஜூன்

மார்லிஸ்,

நீ அன்று காலையில் சொன்னதை என்னிடம் எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதிவிட்டாய். என் மனைவி உயிரோடு இருந்தபோது, ஒவ்வொரு சீசன் முதல் நாளும் இதைவிடக் கேவலமாகத்தான் என்னைத் திட்டி அனுப்புவாள். நான் ராத்திரி வந்து குழம்பு கேட்பேன். அது உனக்கு ஆறுதலாக இருக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மறுபடி போனேன். இந்த முறை மானைப் பார்க்கவில்லை. பரணில் ஏறி உட்கார்ந்தேன். அவன் உட்கார்ந்த மாதிரி பொழுது சாயும் வரை இருந்துவிட்டு இறங்கி, வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நடந்தேன்.

ஆணி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

காரணம் புரிய நேரம் ஆயிற்று. எல்லா ஆணியும் மரத்தின் ஒரே பக்கத்தில், ரயில் மேட்டைப் பார்த்து இருக்கிறது. உள்ளே போகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வருகிறவனுக்கு வெறும் மரம். இது அவன் கண்டுபிடித்த முறை இல்லை. எங்கள் பழைய காட்டில் நானும் அப்படித்தான் குத்துவேன். இரண்டு பக்கமும் குத்தினால் கண்டவனெல்லாம் நம் பரணைக் கண்டுபிடிப்பான். வெளியே வருவதற்கு ஆணி எதற்கு, அந்தக் காட்டில் எங்களுக்குக் கண்ணை மூடினாலும் வழி தெரியும். அந்தப் பழக்கத்தை அவன் புதுக்காட்டுக்கும் எடுத்துப் போயிருக்கிறான். நல்ல நாளில் தன் காலடித் தடத்தைப் பார்த்தே திரும்பியிருப்பான். அன்று பனி விழுந்து தடத்தை மூடியிருக்கிறது.

திசைகாட்டியை எடுத்தேன். அந்தப் பாறை மேடு முழுக்க இரும்பு, முள் குடிகாரன் மாதிரி ஆடியது. நான் சதுப்புக்குள் போய் மாட்டிக்கொண்டேன். ஆமாம் மார்லிஸ், நான்தான், ஆர்வோ ஹக்கலா. கொசுவும் கருப்பு ஈயும் என் காதைத் தின்றுவிட்டன. எங்கோ பக்கத்தில் ஒருவன் ரம்பத்தால் மரம் அறுத்துக்கொண்டிருந்தான். அவன் நிறுத்தி மூச்சு வாங்கும்போது ஒரு குரல் கொடுத்தால் போதும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுபத்தோரு வயதில், கிழவன் தொலைந்து போனான் என்று நாளைக்குப் பெட்ரோல் பங்கில் பேசுவார்களே என்று நினைத்தேன். அவன் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இருட்டும் நேரத்துக்கு எந்த ஊர் ரோடு என்றே தெரியாத ஒரு ரோட்டில் வந்து விழுந்தேன். காரில் வந்த ஒரு பெண் நிறுத்தி, "என்ன பெரியவரே, வழி தவறிட்டீங்களா?"என்றாள். இடுப்பு வரை சேறு. "இல்லம்மா, சும்மா காலாற நடக்கலாம்னு வந்தேன்"என்றேன். அவள் சிரிக்காமல் ஏற்றிக்கொண்டாள்.

அது வழி தவறக்கூடிய காடுதான். இதை எழுதவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஆர்வோ


கிரீன் பே
16 ஜூன்

மாமா,

உங்கள் காதுக்கு ஏதாவது தடவினீர்களா? கடிதத்தைப் படித்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு ஒரு நிமிடம் சிரித்தேன். பிறகு அந்தச் சதுப்பில் அவரை நினைத்துப் பார்த்து, வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டேன்.

அவர் வழி தவறினார் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்? தொலைந்து போனவன் மூன்று முறை சுட வேண்டும், அதைக் கேட்டவன் வேலையை விட்டு ஓடி வர வேண்டும், இது எனக்கே தெரியும், ஐலிக்கும் தெரியும். ரயில் மேட்டுக்குப் பக்கத்துக் குடிலில் அன்று இரவு ஆறு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெடிகூடக் கேட்கவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். அவரிடம் துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது, கை இருந்தது.

வீட்டுக்கு வர நினைத்தவர் ஏன் சுடவில்லை? நான் இரவில் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் இதுதான். இதற்கும் உங்களிடம் பதில் இல்லையென்றால் நாம் இதோடு நிறுத்திக்கொள்வோம். கிறிஸ்துமஸ் அட்டை மட்டும் போதும்.

மார்லிஸ்


அயன் கிரீக்
21 செப்டம்பர்

மார்லிஸ்,

கோடை முழுக்க நான் எழுதவில்லை. நீ நிறுத்திவிடுவோம் என்று எழுதியதால் இல்லை. பதிலுக்குப் போக வேண்டுமானால் எல்மரைக் கேட்க வேண்டியிருந்தது. டேலைக் கண்டுபிடித்தவன் அவன்தான், அந்த மரம் எது என்று அவனுக்குத்தான் தெரியும். அவனிடம் போய் ஒன்று கேட்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. அதனால் அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

டேல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு சீசனில் எல்மர் வழி தவறி மூன்று முறை சுட்டான். நாங்கள் எட்டுப் பேர் மூச்சிரைக்க ஓடினோம். போய்ப் பார்த்தால் அவன் ரோட்டிலிருந்து கல்லெறியும் தூரத்தில் நிற்கிறான், அவன் வண்டியின் கூரை அங்கிருந்தே தெரிகிறது. அன்று சாயங்காலம் சவுனா நீராவிக் குளியலறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நான் அவனுக்கு 'மூணு வெடி' என்று பேர் வைத்தேன். அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வருஷமும் சீசனுக்கு முன்னால் தேவாலயக் கீழ்க்கூடத்தில் நடக்கும் வேட்டைக்காரர் விருந்தில் நான் எழுந்து அந்தக் கதையை நடித்துக் காட்டுவேன். கூடமே உருண்டு சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் டேல். எல்மர் பல் தெரியச் சிரித்துவிட்டுக் கறிக்குழம்பைத் தின்றுகொண்டிருப்பான்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "எல்மர், எனக்கு அந்த இடத்தைக் காட்டணும்"என்றேன்.

"எப்ப கேப்பேன்னு பார்த்துட்டே இருந்தேன்"என்றான். "இரு, பூட்ஸ் மாட்டிட்டு வரேன்."

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். "உன் பேரு நல்ல பேரு ஆர்வோ. என் பொண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடறா. பேங்க்ல புதுசா வந்த பொண்ணு அதுதான் என் நிஜப் பேருன்னு நினைச்சு, 'மிஸ்டர் மூணு வெடி'ன்னா."

"ஏண்டா ஒரு நாளும் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்ல? அழுதேன்னா அதுக்கும் ஒரு பேரு வைப்ப."

சதுப்பின் வடக்கு ஓரத்தில் ஒரு பெரிய தேவதாரு. அதன் அடியில் டேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான், துப்பாக்கி பக்கத்து மரத்தில் சாய்ந்திருந்தது, மடியில் பனி, என்று எல்மர் சொன்னான். நான் அங்கே நின்றேன். என்னால் உட்கார முடியவில்லை. எல்மர் கொஞ்சம் தள்ளிப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், எனக்காக. அங்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் காலால் தட்டிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிறுத்தினான்.

"ஆர்வோ. இங்க வா."

விழுந்த மரத்தின் மேலே, பாசி படிந்த ஒரு பள்ளத்தில், மூன்று தோட்டா. சுடாத தோட்டா. இரண்டு நட்டமாக நின்றது, ஒன்று சாய்ந்து கிடந்தது. பித்தளை பச்சை பிடித்திருந்தது. அன்று அதன் மேல் பனி மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அந்தத் துப்பாக்கி ஐந்து தோட்டா கொள்ளும். அவன் சட்டைப்பையில் இரண்டு இருந்தது என்று ஷெரிஃப் சொன்னபோது மீதி எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இருட்டியதும் தோட்டாவை இறக்கிவிட வேண்டும், அது சட்டம். இறக்கினால் ஐந்தையும் பையில்தான் போடுவோம். மூன்றைத் தனியாக எடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் ஒருவன் எதற்கு நிறுத்தி வைப்பான்?

எல்மர்தான் சொன்னான். "சுடத்தான் எடுத்து வெச்சிருக்கான். கொஞ்சம் பாப்போம், இன்னும் கொஞ்சம் பாப்போம்னு உக்காந்திருக்கான்."

"எதுக்குப் பாக்கணும்?"என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டான். சொல்ல வேண்டாம் என்று நினைத்தான். நல்ல மனுஷன்.

சுட்டிருந்தால் அந்த ஆறு பேரும் வந்திருப்பார்கள். அடுத்த விருந்தில் டேலுக்கு ஒரு பேர் கிடைத்திருக்கும், அதுவும் ஆர்வோ ஹக்கலாவின் மகனுக்கு. விடிந்தால் தானே வழி தெரிந்துவிடும், யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறான். குளிர் அதற்குள் வந்துவிட்டது. குளிர் ஏறினால் புத்தி மந்தமாகிவிடும், சூடாக இருக்கிற மாதிரிகூடத் தோன்றும் என்பார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அவன் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான். நீ சொன்ன சொல்லால் அவன் உட்காரவில்லை, நான் வைத்த பேரால் உட்கார்ந்தான். இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றாம் முறை எழுதியதை அனுப்புகிறேன்.

ஆர்வோ


கிரீன் பே
28 செப்டம்பர்

மாமா,

அக்காவிடம் காட்டாமல் நாலு நாள் உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. கூட இருந்தவர்கள் என்னை வெளியே அனுப்பிவிட்டு வெங்காயம் என்று எல்லோருக்கும் சொன்னார்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. அவர் மேல் அதைவிட அதிகமாக வருகிறது. ஒரு கேலிப்பேருக்குப் பயந்து என்னையும் குழந்தையையும் விட்டுப் போனாரே! மூன்று முறை விரலை அழுத்தினால் போதுமே. ஊரே சிரித்திருக்கட்டும், நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். சிரித்துவிட்டு வாசலில் நிறுத்தி ஈரச் சட்டையைக் கழற்றியிருப்பேன். இதுவரை அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் கூடத்தில், அதே ஆட்கள் முன்னால், டேல் வழி தவறிவிட்டான் என்று நீங்கள் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அது ஒன்று போதும்.

மார்லிஸ்


அயன் கிரீக்
12 அக்டோபர்

மார்லிஸ்,

இங்கே குளிர் வந்துவிட்டது. விறகு இன்னும் பாதி பிளக்காமல் கிடக்கிறது. முழங்கால் மோசம். பழைய காட்டை வாங்கிய சிகாகோக்காரர்கள் புதுக் கேட் போட்டிருக்கிறார்கள், பார்க்கச் சகிக்கவில்லை. ஐலிக்குக் கையுறை பின்னித் தரப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அளவு அனுப்பு.

வேட்டைக்காரர் விருந்துக்கு இந்த வருஷம் போவேனா என்று தெரியவில்லை.

ஆர்வோ


கிரீன் பே
17 அக்டோபர்

மாமா,

ஐலியின் கையை இந்தக் காகிதத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். இதுதான் அளவு.

விருந்துக்குப் போங்கள்.

மார்லிஸ்


அயன் கிரீக்
9 நவம்பர்

மார்லிஸ்,

நேற்று விருந்து. போனேன்.

எல்லோரும் கறிக்குழம்பைத் தின்று முடித்து, இனி ஆர்வோ எழுந்து கதை சொல்லுவான் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சிலர் முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்தேன். எல்மர் வழக்கம்போல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் மகன் டேல் போன வருஷம் காட்டுல வழி தவறிட்டான்"என்றேன். "வீட்டுக்கு வரப் பார்த்தான், முடியல. தப்பா ஆணி குத்தினான், அது நான் சொல்லிக் கொடுத்த தப்பு. சுடறதுக்குத் தோட்டா எடுத்து வெச்சான். சுடாம விட்டுட்டான். சுட்டா நான் அவனுக்கும் பேரு வெப்பேன்னு."

அதற்கு மேல் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. காப்பிக் கெண்டி மட்டும் அடுப்பில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. போதகர் எழுந்து ஏதோ ஜெபம் செய்யப் போனார், எல்மரின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

அப்புறம் கடைசி மேசையிலிருந்து ஓனி பேசினான். அவனைவிடக் காடு தெரிந்தவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. "மின்க் ஏரிக்குப் பின்னாடி வழி தெரியாம ஒரு ராத்திரி முழுக்க நின்னேன்"என்றான். "மான் அடிபட்டுச்சு, துரத்திட்டுப் போனேன்னு வீட்டுல பொய் சொன்னேன். மானும் இல்ல, மண்ணும் இல்ல." அவன் மனைவி திரும்பி அவனைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. "முப்பது வருஷமா அந்த மான் கதைய என்கிட்ட சொல்லிட்டு இருந்தியே!"என்றாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. இன்னொருவனும் ஏதோ சொல்ல ஆரம்பித்தான், முடிக்கவில்லை. மற்றவர்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்து வண்டியில் ஏறும்போது எல்மர் கூடவே வந்து கதவைப் பிடித்துக்கொண்டான். "எல்மர்னு கூப்பிட்டா இனிமே நானே திரும்பிப் பாக்க மாட்டேன்"என்றான். "பழகிப் போச்சு." நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன். அவன் புரிந்துகொண்டு கதவைச் சாத்தினான்.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது நாலைந்து பெண்கள் வந்து உன் விலாசம் கேட்டார்கள். கொடுக்கட்டுமா?

இந்த சீசன் நான் காட்டுக்குப் போகவில்லை.

ஆர்வோ


கிரீன் பே
16 நவம்பர்

மாமா,

விலாசம் கொடுங்கள். உடனே பதில் எழுத மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

நேற்று ஒரு வருஷம். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஐலியோடு இருந்தேன். அப்பா ஏன் வரவில்லை என்று அவள் பல முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சாப்பாட்டையோ குளியலையோ காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன். தெரியாத ஒன்றைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? பொய் சொல்லவும் வாய் வரவில்லை.

நேற்று நானே கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். அப்பா நம்மகிட்டதான் வந்துட்டு இருந்தாரு, காட்டுல பனி பெஞ்சுது, வழி தெரியல, குளிர்ல செத்துப் போயிட்டாரு என்றேன். சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. நான் பின்னிவிட்ட சடை நுனியை விரலில் சுற்றினாள்.

பிறகு கேட்டாள், "அப்பா யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

சடையை அவிழ்த்து அவளைப் படுக்க வைத்தேன் மாமா. கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள். அவர் ஏன் கூப்பிடவில்லை என்று அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மார்லிஸ்